நூலகக் குழுக் கூட்டத்தை மாடியிலிருந்து கீழே இறக்க உதவுங்கள்

வாசகர்களுக்கு வணக்கம்.

நூலகத்தைக் காலையில் ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்து, மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்திருக்கலாம் என்று மாடியில் நடந்த போன குழுக் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானித்தோம். முடிந்து இறங்கினால், மாடிப்படியடியில் கைத்தடியோடு ஒரு பெரியவர். தினமும் கதவு திறக்கும்போதே செய்தித்தாள் படிக்க வருபவர். கையில் நான்காக மடித்த மனு. "மேலே ஏற முடியலை, யாராவது இறங்குவீங்கன்னு நின்னேன்" என்றார். அதைப் படித்தபின் தீர்மானத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

குழுக் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது விதி. மாடிப்படிக்குத்தான் அது தெரியவில்லை.

அதனால் கீழ்த்தளத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகள் அடைந்து கிடக்கும் அறையை ஒழித்துக் கூட்ட அறையாக்கப் போகிறோம். மற்ற நாட்களில் அங்கே சிறுவர்களுக்குக் கதை நேரம். நாற்காலி, மைக், அறிவிப்புப் பலகை எல்லாம் சின்னச் செலவு. பெரிய செலவு வாசல் சாய்தளம். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது சக்கர நாற்காலிக்கான பொதுக் கணக்கு. நம் வாசலில் தலா 15 செ.மீ. உயரத்தில் 3 படிகள், அதற்கே 5.4 மீட்டர் வேண்டும். குறுக்கிக் கட்டினால் பின்னாலிருந்து ஒருவர் தள்ளித்தான் ஏற முடியும். அதற்குக் கட்டாமலே இருக்கலாம்.

இதற்குத்தான் உங்களிடம் நன்கொடை கேட்கிறோம். புத்தகத்துக்கோ சம்பளத்துக்கோ இந்தப் பணம் போகாது. பொது நூலகம் உள்ளூர், தேசிய அரசுகளின் பொறுப்பு என்று யுனெஸ்கோவின் 1994 அறிக்கையே சொல்கிறது. அந்தச் செலவை நன்கொடையில் சமாளித்தால் அடுத்த வருட ஒதுக்கீட்டில் கை வைத்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். எவ்வளவு கொடுத்தாலும், எந்தப் புத்தகம் வாங்குவது, எதை எடுத்துவிடுவது என்பதில் தனிச் சலுகை கிடையாது. கொள்கையை வகுப்பது குழு, அதன்படி நூல்களைத் தேர்வது நூலகர். நாங்களே அதில் தலையிட முடியாது (எங்களில் சிலருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்). ஒரு நூல்மேல் ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுங்கள், எழுத்திலேயே பதில் வரும். கட்டட வேலைக்குக் குழு உறுப்பினரின் உறவினர் விலைப்புள்ளி கொடுத்தால், அதைப் பேசும்போது அந்த உறுப்பினர் வெளியே இருப்பார்.

பணம் தருபவர்கள் நூலகத்தில் ரசீது கேட்டு வாங்குங்கள். நாற்காலியாகவும் தரலாம், கைப்பிடி இருந்தால் முதியவர்கள் எழுந்திருக்க வசதி. வரவு செலவை மாதந்தோறும் வாசலில் ஒட்டுவோம்.

அறை தயாராகும் வரை, நூலகம் மூடியபின் கீழே வாசிப்புக் கூடத்திலேயே கூடுகிறோம். அடுத்த கூட்டத்தில் முதலில் எடுத்துக்கொள்வது பெரியவரின் மனு.

இப்படிக்கு,
நூலகக் குழு