நோட்டில் ஒரு வரிக்கு இடம் விடுங்கள்

மதுரையில் மனநலச் சிகிச்சை தரும் மருத்துவர்கள், உளவியல் ஆலோசகர்கள், சமூகப் பணியாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மனச்சிதைவு நோய் உள்ள ஒருவனுக்கு அக்கா நான். மாத்திரையைக் குறை சொல்ல வரவில்லை. அவனைத் தூங்க வைத்ததும் சாப்பிட வைத்ததும் மாத்திரைதான். அதற்கு அப்புறம் நடக்க வேண்டியதைப் பற்றி, அவனால் முடிந்ததையும் சிகிச்சை நோட்டில் எழுதி வைப்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஓ.பி. நோட்டைப் புரட்டினால் தூக்கமில்லை, குரல் கேட்கிறது, யாரிடமும் பேசுவதில்லை, வேலைக்குப் போவதில்லை என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் அவன் தையல்காரன் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. புதுமண்டபத்தில் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடிய காலத்தில் அங்கே தொழில் பழகியவன். இன்றைக்கும் தெருவில் யார் வீட்டு மெஷின் மக்கர் பண்ணினாலும் இவனைத்தான் கூப்பிடுகிறார்கள். சிக்கிய நூலை வெடுக்கென்று இழுக்க மாட்டான். சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை மேலே ஏற்றுவான். பாபினைக் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் பஞ்சை எடுப்பான். திருகை லேசாகத் தளர்த்தி, வெட்டுத் துணியில் நாலு தையல் ஓட்டிப் பார்ப்பான். அந்த நேரத்தில் குரல் கேட்கிறதா என்று ஒரு நாள் கேட்டேன். "கேக்குதுக்கா. அது பாட்டுக்கு இருக்கு" என்றான்.

சி.பி.டி. என்பது எண்ணத்தையும் நடத்தையையும் பேசிப் பழக்கி மாற்றும் உளவியல் சிகிச்சை. உளவியலாளர்கள் கிறிஸ்டின் படெஸ்கியும் கேத்லீன் மூனியும் 2012-இல் எழுதிய, பலத்தை அடிப்படையாகக் கொண்ட சி.பி.டி. முறை இப்படிப்பட்ட இடத்தில்தான் தொடங்குகிறது. ஆள் விரும்பிச் செய்கிற அன்றாடக் காரியம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதில் தடங்கல் வந்தால் எப்படிச் சமாளிக்கிறார் என்று துருவிக் கேட்கிறார்கள். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வைக்கிறார்கள். பிறகு வாழ்க்கை முட்டுகிற இடத்தில் அதே வழியைப் போட்டுப் பார்த்துப் பழகச் சொல்கிறார்கள். பிரச்சினை தீராவிட்டாலும் பரவாயில்லை, ஆள் தாக்குப்பிடித்தாரா என்று பார்க்கிறார்கள்.

சி.பி.டி.க்கு வித்திட்ட மனநல மருத்துவர் ஆரோன் பெக்கும் கடைசிக் காலத்தில் இந்தப் பக்கம்தான் வந்தார். மனச்சிதைவால் மிகவும் முடங்கிப்போன 60 பேரை வைத்து அவரது குழு 18 மாதம் நடத்திய ஆய்வும் 2012-இல்தான் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு அந்தக் குழுவின் பேச்சுச் சிகிச்சையையும் பெற்றவர்களுக்கு அன்றாடச் செயல்பாடும் முனைப்பும் கூடின, குரல் போன்ற தொந்தரவுகளும் குறைந்தன. 60 பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனால் 'இனி இவ்வளவுதான்' என்று குடும்பமே கைவிடுகிற நிலையில் இருந்தவர்கள் அவர்கள்.

"பாசிட்டிவா இருப்பா, உன்னால முடியும்" என்று தோளைத் தட்டி அனுப்பிய ஓர் ஆலோசகரையும் பார்த்துவிட்டோம். அதற்குப் பக்கத்து வீட்டுப் பெரியப்பா போதும்.

இன்னொன்று. ஊனச் சான்றிதழில் 40 சதவீதமாவது இருந்தால்தான் பல சலுகைகள் கிடைக்கும் என்பதால், சான்றிதழுக்குச் சோதிக்கிற அறையில் முடியாததை மட்டும் ஒப்பிக்கப் பழகிவிட்டோம். சிகிச்சை அறையிலும் அதே வாய்ப்பாடு ஓடுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. பலத்தை எழுதினால் சலுகை போய்விடுமோ என்ற பயம் எங்களுக்கு உண்டு. இரண்டும் வேறு வேறு காரியம் என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னால் அந்தப் பயம் பாதி குறையும்.

கூட்டம் எனக்குத் தெரியாததில்லை. காலையில் டோக்கன் வாங்கி மத்தியானம் உள்ளே போனால் ஐந்து நிமிஷம் கிடைப்பதே பெரிது. அந்த ஐந்து நிமிஷத்துக்குள் இதையும் செய்யுங்கள் என்று கேட்கவில்லை. வெளியே காத்திருக்கும் நேரத்தில் உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இரண்டு கேள்வி கேட்கலாம்: எதைச் செய்யும்போது நேரம் போவது தெரியாது? அதில் இடைஞ்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? பதிலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், அடுத்த முறை அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள். எழுதவும் ஆள் இல்லையென்றால் சரி, வீட்டிலேயே அவனிடம் கேட்டு நான் எழுதிக்கொண்டு வருகிறேன். நீங்கள் படித்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரனின் அக்கா