எஸ்எஸ்டி மாற்றிய கதை

கோவை

அன்புள்ள சரவணனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கேமிங் லேப்டாப்பை விற்றுவிட்டுப் புதிது வாங்குவதா, சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் போட்டு இன்னும் சில காலம் ஓட்டுவதா என்று கேட்டிருந்தாய். இரண்டு மாதம் நானும் இதே கேள்வியோடு அலைந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என்னுடையது 2017-இல் வாங்கியது. ஜிடிஎக்ஸ் 1050 கிராபிக்ஸும், நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்கும் கொண்டது. விண்டோஸ் திரை வந்து ஐந்து நிமிடமாகியும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பயன்பாடு நூறு சதவீதத்திலேயே நிற்கும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை எடுக்க வேண்டிய நேரத்தில், ஹார்ட் டிஸ்க்கின் சுழலும் தட்டின் மேல் ஒவ்வொரு இடமாகத் தேடி நகரும் படிப்பு முனைக்குத்தான் பாதி நேரம் போகிறது. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது.

முதல் முயற்சியிலேயே சறுக்கினேன். எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் இருப்பதைப் பார்த்ததுமே, அதிவேகமான என்விஎம்இ வகையை வாங்கி வந்துவிட்டேன். 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமுமான அந்தப் பட்டையைச் சாய்த்துச் செருகி, மெல்ல அழுத்தி, நகக்கண் அளவுத் திருகாணியை முடுக்கியபோது கச்சிதமாகப் பொருந்தியது. லேப்டாப் தொடங்கும்போது பாகங்களைச் சரிபார்க்கும் பயாஸில் மட்டும் அதன் பெயரே வரவில்லை. அந்த ஸ்லாட் வேகம் குறைந்த சாட்டா வகை எஸ்எஸ்டியை மட்டுமே ஏற்கும் என்று மேனுவலில் ஒற்றை வரி இருந்ததை அதன் பிறகுதான் படித்தேன். கடைக்காரர் நல்லவர், மாற்றிக் கொடுத்தார்.

சாட்டாவின் உச்சம் நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி. மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 எம்பியைத் தொடும். எண்களைக் கண்டு ஏங்காதே. பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு வரும்போது தெரியும் மாற்றத்தின் முன், சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போவது பெரும்பாலான கேம்களில் சில நொடி வித்தியாசம்தான்.

ஆனால் எஃப்பிஎஸ், அதாவது திரையில் நொடிக்கு வரும் சட்டங்களின் எண்ணிக்கை, கூடும் என்று எண்ணி வாங்கிவிடாதே. அது கிராபிக்ஸ் கார்டின் வேலை. திறந்தவெளி கேம்களில் வேகமாக வண்டி ஓட்டும்போது கட்டடங்கள் தாமதமாக முளைக்கும் திக்கல் குறைந்தது, அவ்வளவே. காத்திருப்பு முழுவதும் டிஸ்க்கின் குற்றம் என்றும் சொல்ல முடியாது. ஜிடிஏ ஆன்லைன் கேமில் எஸ்எஸ்டி வைத்திருந்தவர்களும் பல நிமிடம் காத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். சுமார் 10 எம்பி அளவுள்ள ஒரு பொருள் பட்டியலை நிரல் திறமையற்ற முறையில் படித்ததே காரணம் என்று ஒரு பயனர் 2021-இல் கண்டுபிடித்தார். அவர் செய்த திருத்தத்தில் காத்திருப்பு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. கேமை உருவாக்கிய நிறுவனமும் அந்த மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டது.

பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துக் குளோன் செய்யாமல், விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். உரிமம் மதர்போர்டோடு பதிந்திருந்ததால் இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆனது. ஹார்ட் டிஸ்க்கை அதன் இடத்திலேயே விட்டு, படங்களுக்கும் பழைய கேம்களுக்கும் ஒதுக்கிவிட்டேன். உன்னுடையதில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கினால் மீட்புச் சாவியை முதலில் குறித்துக்கொள். மூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டே மற்றதைத் தொடு.

கடைக்குப் போகும் முன் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை எனக்கு எழுதி அனுப்பு. மேனுவலை இந்த முறை நான் முதலிலேயே படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
கதிர்