கண்ணை மூடிக்கொண்டு கராத்தே எதற்கு?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். செவ்வாய், வியாழக்கிழமைகளில் கடைசிப் பாடவேளையில் நடக்கும் கராத்தே வகுப்பைப் பற்றி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். "பாதி நேரம் கண்ணை மூடி உட்கார வைக்கிறார்களாமே, சண்டை எப்போது சொல்லித் தருவீர்கள்?" என்பது ஒரு கேள்வி. "இதில் மதம் ஏதாவது இருக்கிறதா?" என்பது இன்னொன்று. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பாதி நேரம் இல்லை. தொடக்கத்தில் 3 நிமிடம், முடிவில் 3 நிமிடம். இதற்கு மொக்குசோ என்று பெயர். இதன் வேர் ஜென் பௌத்தத்தில் இருப்பது உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் இங்கே மந்திரம் கிடையாது, வழிபாடு கிடையாது. மூச்சு போவதையும் வருவதையும் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். கண்ணை மூடப் பிடிக்காத பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம்.

சண்டையைப் பற்றிச் சொல்லும் முன் என் கதை ஒன்று. போன மாதம் நானும் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். கால்களை அகட்டி, முழங்காலை மடித்து, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும். 2 நிமிடம் என்றார் மாஸ்டர். 40 நொடியில் தொடை நடுங்க ஆரம்பித்தது. அதைவிட வேடிக்கை மனசு செய்ததுதான். "வயசாகிவிட்டது, எழுந்துவிடு" என்றது. உடனே "பிள்ளைகள் பார்க்கிறார்கள், நில்" என்றது. அப்புறம் கையெழுத்துப் போடாத கோப்பு ஒன்றை ஞாபகப்படுத்தியது. வலி தொடையில், பேரம் வேறெங்கோ நடந்தது. அதை நான் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் எனக்கு அது புதிது. 70 நொடியில் எழுந்துவிட்டேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தில் நின்ற ஏழாம் வகுப்புப் பெண் அசையவே இல்லை.

இந்த ஓரமாக நின்று பார்ப்பதைத்தான் வகுப்பில் பழக்குகிறோம். இது நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. 1882இல் ஜப்பானில் கானோ ஜிகோரோ என்ற ஆசான், ஜுஜுத்சு என்ற பழைய சண்டைக் கலையிலிருந்து ஜூடோவை உருவாக்கியபோது, நுட்பம் என்று பொருள்படும் 'ஜுத்சு'வை எடுத்துவிட்டு, வழி என்று பொருள்படும் 'டோ'வை வைத்தார். அதற்கும் முன்னால், 17ஆம் நூற்றாண்டில், தக்குவான் என்ற துறவி வாள்வித்தை ஆசான் யாக்யூ முனேநோரிக்கு ஒரு கடிதம் எழுதினார். எதிராளியின் வாளில் உன் மனம் போய் நின்றால் நீ அங்கேயே அகப்பட்டுக்கொள்வாய், எங்கும் நிற்காத மனமே வேண்டும் என்பது அதன் சாரம். நமக்கு இது அவ்வளவு தூரமும் இல்லை. தமிழில் மெய் என்றால் உடம்பு. மெய் என்றால் உண்மையும்தான்.

கட்டா பயிற்சியைப் பார்த்தால் இன்னும் புரியும். கற்பனை எதிரிகளோடு வரிசையாகச் செய்யும் அசைவுகள் அவை. புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒவ்வொரு திருப்பத்தையும் வாய்க்குள் எண்ணும். சில மாதங்களில் எண்ணுவது நின்றுவிடும், உடம்பு தானாகப் போகும். பழகிய அசைவுக்கு அவ்வளவு கவனம் தேவையில்லை. சரி, மிச்சமான கவனம் எங்கே போகிறது? மாஸ்டர் நடுவில் நிறுத்தி, "இப்போ மனசு எங்கே இருந்துச்சு?" என்று கேட்பார். ஒரு பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்டு நாய்க்குட்டிகிட்ட, சார்" என்றான். திட்டு விழவில்லை. அதைக் கண்டுபிடித்ததற்குச் சபாஷ்தான் கிடைத்தது.

1983இல் பெஞ்சமின் லிபெட் என்ற நரம்பியல் ஆய்வாளர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். கையை அசைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதற்கு முன்பே மூளையில் அதற்கான ஆயத்தம் தொடங்கிவிடுகிறது என்றது அது. தோன்றுவதற்கும் கை அசைவதற்கும் நடுவே ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி. அதற்குள் 'வேண்டாம்' என்று நிறுத்திவிட முடியும் என்று லிபெட் கருதினார். இதைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. என்னால் அதைத் தீர்த்து வைக்கவும் முடியாது. ஆனால் இருவர் இருவராகப் பயிற்சி செய்யும்போது, தோளில் கொஞ்சம் பலமாக அடி விழுந்த பையனின் கை மேலே எழும்பி, பாதியில் நின்று, கீழே இறங்கியதைப் பார்த்தேன். அவன் முகத்தில் அவனுக்கே ஆச்சரியம்.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி நடக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். சிலருக்கு இது வெறும் உடற்பயிற்சியாகவே இருக்கும், பரவாயில்லை. பெல்ட் தேர்வு இந்த ஆண்டு கிடையாது. குத்து, உதை, தடுப்பு எல்லாம் உண்டு, எதிராளியைத் தொடும் சண்டை மட்டும் எட்டாம் வகுப்புக்குப் பிறகுதான்.

அடுத்த வியாழன் வகுப்புக்குப் பெற்றோரும் வரலாம். ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். குதிரை நிலையில் நின்று பார்க்க ஆசைப்பட்டால் தளர்வான உடையில் வாருங்கள். ஆஸ்துமா, மூட்டுவலி, வலிப்பு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் எழுதித் தெரிவிக்கவும். வகுப்பு நாளில் பிள்ளைகளின் நகம் வெட்டியிருக்க வேண்டும், கைக்கடிகாரமும் சங்கிலியும் வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்