இடுப்புவலிக்குப் பின்னால் மாட்டுத் தொழுவம்

ஆசிரியருக்கு,

மாடு கன்று வீசினால் (குறைமாதத்தில் கரு கலைந்தால்), விழுந்த நஞ்சுக்கொடியை வெறுங்கையால் அள்ளிப் புதைப்பவர்கள்தான் ஊரில் அதிகம். மாட்டைக் கன்று வீச வைக்கும் புருசெல்லா என்ற கிருமி அதில் இருந்தால், நமக்குத் தொற்ற, கையில் ஒரு கீறல் போதும். காய்ச்சாத பாலும் போதும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வியர்வை, அப்புறம் தீராத இடுப்புவலி. கிருமி முதுகெலும்பில் இறங்கியது தெரியாமல் தைலம் தடவியே மாதங்கள் ஓடிவிடும். ஸ்கேனிலும் காசநோய் போலத்தான் தெரியும். ‘வீட்டில் ஆடு, மாடு உண்டா?’ என்று மருத்துவர் ஒரு வார்த்தை கேட்டால், ரத்தப் பரிசோதனையில் பிடித்துவிடலாம். முதுகெலும்புக்குப் போய்விட்டால் மருந்து குறைந்தது 3 மாதம். மாட்டுக்கே வராமல் தடுக்க, கிடேரிக் (பெண்) கன்றுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒரே ஒரு தடுப்பூசி. அரசே இலவசமாகப் போடுகிறது. பால் ஊற்றும் சொசைட்டியில் இதை எழுதி ஒட்டினால் என்ன?

- வாசகர், நாமக்கல்