பின் டோரில் கேமரா வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிக்கப் வண்டிக்குக் கம்பெனியே பொருத்தியது போல ரிவர்ஸ் கேமரா மாட்டுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பின் டோரின் கைப்பிடியிலேயே கேமராவைப் பதித்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்க வண்டிக்கு அது சரி. அங்கே 2018 மே முதல் மொத்த எடை 4,536 கிலோவுக்குள் வரும் புது வண்டிகளில், பிக்கப் உட்பட, ரிவர்ஸ் கேமரா கட்டாயம். நான் பெங்களூரு அல்சூரில் சமையல் பாத்திரமும் பந்தல் சாமானும் வாடகைக்கு விடுகிறவன். முகூர்த்த நாளில் அண்டாவும் பெஞ்சும் ஏற்றினால் என் வண்டியின் டோர் சங்கிலியில் படுத்துத்தான் கிடக்கும். அப்போது கைப்பிடிக் கேமரா ரோட்டுத் தாரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்!

இங்கே கார்களுக்கு 2019 ஜூலை 1 முதல் ரிவர்ஸ் சென்சார் கட்டாயமாகிவிட்டது. என் வண்டி 2016 மாடல், பீப் சத்தம்கூடக் கிடையாது. கூட வரும் தம்பி பாடியைத் தட்டி "வரலாம், வரலாம்" என்பதுதான் எங்கள் சென்சார்.

கேமராவை நம்பர் பிளேட் பக்கத்தில் வைத்ததுதான் எனக்கு ஒத்துவந்தது. மழையில் சேறு அப்பும். கிளம்பும்போது ஈரத்துணியால் ஒரு துடை, அவ்வளவுதான்.

கட்டுரையில் ஒரே வரியோடு போய்விட்ட ஒயரிங்தான் பெரிய சங்கதி. ஜே.சி. ரோட்டுக் கடை ஒன்றில் முதலில் மாட்டினேன். அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்கள். கேமராவுக்குக் கரண்ட் எடுக்க ரிவர்ஸ் லைட் ஒயரை நடுவில் வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. படத்தில் கோடு கோடாக ஓடியது, அப்புறம் திரை கறுத்தது, கடைசியில் ரிவர்ஸ் லைட்டும் போயிற்று. எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் அண்ணன் டேப்பைப் பிரித்தபோது செம்புக் கம்பி முழுக்கப் பச்சை பூத்திருந்தது.

அவர் செய்த வேலைதான் கம்பெனி வேலை. ஒயரை வெட்டாமல், பின் லைட்டுக்குப் போகும் கப்ளருக்கு (ஒயர்களைச் சொருகி இணைக்கும் பிளாஸ்டிக் முனை) பொருத்தமான இன்னொரு கப்ளரை இடையில் சொருகி 12 வோல்ட் எடுத்தார். நடுவில் ஒரு சின்ன ஃபியூஸ். வீடியோ ஒயரைச் சுருள் குழாய்க்குள் விட்டு, சைலன்சர் பக்கம் போகாமல், சேஸிஸில் ஏற்கெனவே ஓடும் ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டினார். கேபினுக்குள் நுழையும் ஓட்டையில் ரப்பர் வாஷர். ஒரு மதியம் முழுக்க ஆயிற்று. கூலி கொஞ்சம் அதிகம்தான், கொடுக்கலாம்.

இன்னொன்று. முதல் நாள் தம்பி "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்துகிறான், திரையில் சுவர் வலது பக்கம் வருகிறது. கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறினால்தான் ரிவர்ஸ் கேமராவில் சரியாக இருக்கும், இதில் மாறாமல் வந்தது. எங்கள் கேமராவின் வாலில் அதற்கென்றே ஒரு சின்ன ஒயர் வளையம் இருந்தது. எந்த வளையம் எதற்கு என்று அட்டைப்பெட்டியில் வந்த தாளைப் பார்த்து அண்ணன் வெட்டிவிட்டார், படம் திரும்பிக்கொண்டது. வாங்குகிறவர்கள் அந்தத் தாளைத் தூக்கிப் போட வேண்டாம்.

திரையில் தெரியும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் தரையில் இருக்கும் தூரத்துக்குத்தான் கணக்கு. படுத்துக் கிடக்கும் டோர் பம்பரைத் தாண்டி நீண்டிருப்பது அதற்குத் தெரியாது. சிவப்பு வர இன்னும் இடம் இருக்கிறதே என்று நம்பி, ஒரு சத்திரத்துக் காம்பவுண்டில் டோரை இடித்தவன் நான். அதனால் டோர் திறந்திருக்கிற நாளில் கேமரா ஓடினாலும் தம்பியை இறக்கித்தான் விடுகிறேன்.

இப்படிக்கு,
பாத்திர வாடகைக் கடைக்காரர்,
அல்சூர், பெங்களூரு - 8