மூன்று நிமிடம் கொடுங்கள்: திட்ட மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை ரிவியூவில் கம்பிச் சுருளின் காந்த விசையால் இரும்பு ஆணியைச் சுடும் எங்கள் காயில் கன் உங்கள் கண்முன்தான் எரிந்தது. பத்து முறை தொடர்ந்து சுடச் சொன்னீர்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே மூன்று நிமிடம் கேட்டோம். நேரமில்லை, அடுத்த டீம் காத்திருக்கிறது என்றீர்கள். எட்டாவதில் புகை வந்தது. "வேகம் சீராக இல்லை" என்று எழுதி மார்க்கைக் குறைத்துவிட்டீர்கள்.

வேகம் எப்படிச் சீராக இருக்கும்? ஒரு தடவை சுட்டால், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர்களிலிருந்து சுமார் 1,000 ஜூல் இறங்குகிறது. அதில் ஆணிக்குப் போவது 30 ஜூல்கூட இல்லை. மிச்சத்தில் பெரும்பகுதி 150 கிராம் செம்புக் கம்பியில் சூடாகத் தங்குகிறது. தடவைக்கு ஏறத்தாழ 15 டிகிரி. செம்பின் சூடு 100 டிகிரி ஏறினால் மின்தடை கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடும். கரன்ட் குறையும், ஆணியும் மெதுவாகும். இந்தச் சூட்டை எப்படி இறக்குவது என்பதுதான் எங்கள் ப்ராஜெக்ட்.

அன்று இரவு ஹாஸ்டலில் காயிலைப் பிரித்தோம். வெளிச்சுற்று தேன் நிறம் மாறாமல் இருந்தது. உள்ளே போகப் போகக் கறுத்து, கடைசி அடுக்கில் கம்பியின் எனாமல் பூச்சு பொடிப்பொடியாக விரலில் ஒட்டியது. நடுவிலிருந்த பிவிசி குழாய் இளகிக் கோணியிருந்தது. விசிறிக் காற்று மேல் அடுக்கோடு நின்றுவிடுகிறது, உள்சூடு வெளியே வர நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் கேட்டோம். கையால் சுற்றிய 240 சுற்று. மறுபடி சுற்றி முடிக்கும்போது விடிந்துவிட்டது.

அமெரிக்கக் கடற்படை 2010 டிசம்பரில் டால்கிரன் சோதனைத் தளத்தில், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மின்சாரத்தால் குண்டைத் தள்ளும் ரெயில்கன்னை 33 மெகாஜூலில் சுட்டுக் காட்டியது. நிமிடத்துக்குப் பத்து முறை சுட வேண்டும் என்பது அவர்கள் இலக்கு. சூடும் குழல் தேய்மானமும் விடாமல் தொல்லை கொடுத்தன. 2021-இல் திட்டத்தையே நிறுத்தினார்கள். அவர்களுக்கே அந்தப் பாடு. இங்கே ஆய்வகத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் வேகத்தைத்தான் கேட்கிறார்கள், எவ்வளவு சூடு என்று ஒருவரும் கேட்டதில்லை. குளிர்விக்கும் செப்புக் குழாய்க்கு 2,000 ரூபாய் கேட்டு ஜனவரியில் கொடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. பழுதான கெப்பாசிட்டரையும் சொந்தக் காசில்தான் மாற்றினோம்.

சரி, கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டோம், மன்னியுங்கள். அடுத்த ரிவியூவில் ஒவ்வொரு முறைக்கும் நடுவே மூன்று நிமிடம் கொடுங்கள். மொத்தம் அரை மணி நேரம் போதும். இந்த முறை உள் அடுக்கில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வைத்தே சுற்றியிருக்கிறோம். மீட்டரை உங்கள் மேசையிலேயே வைக்கிறோம். வேகத்துக்குப் பக்கத்தில் அந்தச் சூட்டின் அளவையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
காயில் கன் குழு, இறுதியாண்டு