விடியற்காலை அளவை நம்பாதே

கடலூர் முதுநகர்,
மார்கழி

அன்புள்ள செல்வா,

உப்பளம் பேட்டையில் உன் மொட்டை மாடியில் நீ மாட்டிய, காற்றில் நுண்தூசி (பிஎம்2.5) அளக்கும் பெட்டி காலை ஆறு மணிக்கு 140 காட்டுகிறது, பத்து மணிக்கு 45க்கு இறங்கிவிடுகிறது, யாராவது குப்பை கொளுத்துகிறார்களா என்று கேட்டிருந்தாய். பாதி பதில் உன் பேட்டையின் பெயரிலேயே இருக்கிறது: உப்பு.

பெட்டிக்குள் இருக்கும் உன் பிளான்டவர் பிஎம்எஸ்5003 சென்சார் தூசியை எடை போடுவதில்லை. துகள் மீது லேசர் பட்டுச் சிதறும் வெளிச்சத்தைப் பார்த்து, ஒரு கனமீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் இருக்கும் என்று கணித்துச் சொல்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கடலுப்புத் துகள் தண்ணீர் குடித்துச் சொட்டாகிவிடும். அடுப்படி உப்பு மழைக்காலத்தில் நீர்த்துப்போவதும் இதனால்தான். ஊதிய துகள் அதிக வெளிச்சம் சிதறடிக்கும், எண் எகிறும். அதற்காக 140 முழுப் பொய்யும் அல்ல. விடியற்காலையில் காற்று ஓய்ந்து கிடக்கும், இருக்கிற புகை தரையை விட்டு எழும்பாது. எவ்வளவு புகை, எவ்வளவு தண்ணீர் என்று பிரிப்பதுதான் வேலை.

வடிதாள் வைத்து எடுக்கும் கருவிக்கு இந்தச் சிக்கல் குறைவு. அது நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் 24 மணி நேரம் காற்றை இழுக்கும், மொத்தம் 24 கனமீட்டர். நுண்தூசி நம் நாட்டு வரம்பான கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தொட்டிருந்தால் தாளில் சேர்வது 1.4 மில்லிகிராம்தான். அதில் தண்ணீர் கலந்தால் கணக்கே போச்சு. அதனால்தான் தாளை ஒரு நாள் முழுக்க உலர்ந்த அறையில் வைத்துவிட்டு எடை பார்க்கிறார்கள். அந்த 60 ஒரு நாள் சராசரிக்கான வரம்பு. உன் ஆறு மணி எண்ணை அதோடு ஒப்பிடாதே.

நீ செய்ய வேண்டியது, ஈரப்பதம் அளக்கும் பிஎம்இ280ஐ, சென்சாரை வைத்திருக்கும் வளைந்த குழாயான எல்போவின் வாய்ப்பக்கம் நகர்த்துவது. சென்சாரை இயக்கும் ஈஎஸ்பி32 மின்பலகைக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தச் சூட்டில் ஈரப்பதத்தைக் குறைத்துக் காட்டும். பிறகு அமெரிக்கச் சூழல் முகமையின் கணக்கைப் போட்டுப் பார்: சென்சார் எண்ணை 0.524ஆல் பெருக்கு, ஈரப்பதத்தை 0.0862ஆல் பெருக்கிக் கழி, 5.75 கூட்டு. சென்சார் தரும் இரண்டு வரிசைகளில் ‘சிஎஃப்=1’ என்று பெயரிட்ட வரிசையைத்தான் எடுக்க வேண்டும். 140, ஈரப்பதம் 90 என்றால் 71 வரும். இது அவர்கள் ஊர்க் காற்றுக்குப் போட்ட சூத்திரம், நம் உப்புக் காற்றுக்கு அப்படியே பொருந்தாது. அனுமதி வாங்கி, காற்றின் தரம் அளக்கும் அரசு நிலையம் ஒன்றின் பக்கத்தில் இரண்டு வாரம் வைத்து உனக்கென்று ஒரு சூத்திரம் எடு. கோடையில் ஒரு தடவை, ஐப்பசி மழையில் ஒரு தடவை. ஒரே தடவை எடுத்தால் மற்றப் பருவத்தில் காலை வாரிவிடும்.

மாட்டிய விதத்தையும் ஒருமுறை பார்த்துவிடு. 75 மில்லிமீட்டர் பிவிசி எல்போவின் வாய் தரையைப் பார்த்திருக்கட்டும். வாயில் கொசுவலை கட்டாவிட்டால் சிலந்தி குடியேறும், ஒற்றை நூலிழை லேசர் முன்னால் தொங்கினாலே எண் கன்னாபின்னாவென்று போகும். காற்று நுழையும் துளையும் வெளியேறும் துளையும் இந்தச் சென்சாரில் ஒரே முகத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு அட்டையை நிறுத்து, இல்லையென்றால் விட்ட காற்றையே திரும்ப இழுக்கும். நீளமான மெல்லிய யுஎஸ்பி வயர் வேண்டாம். 5 வோல்ட் கடைசிவரை வந்து சேராது, விசிறி மந்தமாகி எண் தானாகக் குறையும். முடிந்தால் இரண்டு சென்சாரைப் பக்கத்தில் பக்கத்தில் வை. ஒன்றுக்கொன்று முரண்பட்டால்தான் ஏதோ ஒன்று கெட்டது தெரியும்.

விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச்சாலைப் புழுதியை இதில் அளக்கலாமா என்று கேட்டாயே, வேண்டாம். பெரிய தூசி இதன் கண்ணில் சரியாகப் படாது, பிஎம்10 (10 மைக்ரான் வரையுள்ள தூசி) என்று அது தரும் எண் பெரும்பாலும் ஊகம். சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்து நாற்றமும் அப்படித்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும் நேரத்தில் பெட்டி சமர்த்தாக 12 காட்டும். அது வாயு, இது துகள் எண்ணும் கருவி. அதற்கு 2004 வாக்கில் அந்த ஊர்க்காரர்கள் செய்ததுபோல வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

போகி வருகிறது. அன்று பனியும் புகையும் ஒன்றாக வரும், சூத்திரம் மட்டும் போதாது. இன்றிலிருந்தே தினமும் நாலு முதல் எட்டு மணி வரை எண்ணையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பதிவு செய். போகியன்று காலை ஈரப்பதம் 92 என்றால், அதற்கு முன் 92 இருந்த காலைகளை மட்டும் எடுத்து அவற்றின் சராசரியைக் கழி. மிச்சம்தான் போகிப் புகை. எண், ஈரப்பதம் இரண்டு பதிவையும் எனக்கு அனுப்பு, இங்கே எடுத்ததோடு வைத்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
குமார்